கபாலி மாடி

மேற்கு மாம்பலத்தில் மழை வந்தால் முதலில் தண்ணீர் நிற்கும் இடம் சாமியார் தோட்டம் சந்து. கடைசியாக வடியும் இடமும் அதுதான். அந்தச் சந்தோடு அதை ஒட்டின இரண்டு முட்டுச் சந்துகளையும் சேர்த்தால் எண்பது வீடு தேறும். எண்பது வீட்டு மொட்டைமாடியும் வலியுல்லா பாய்க்கு அத்துப்படி. முப்பது வருஷம் கேபிள் டிவி ஒயர் இழுத்த மனுஷர். எந்தப் படிக்கட்டில் எந்தக் கல் ஆடும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு விட்டுவிடும், எந்த வீட்டம்மா மோர் கொடுப்பாள் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆளுக்கொரு போன் வந்தபிறகு கேபிளைச் சீந்த ஆளில்லை. அவருக்கு மிஞ்சியது, யாரையும் கேட்காமல் மாடி ஏறும் உரிமை ஒன்றுதான்.

அந்த உரிமையை வைத்துக்கொண்டுதான் அவர் பலகையைக் கட்டினார். பலகை என்பது மரத்தில் செய்த சாமான் இல்லை. வீட்டு இன்டர்நெட்டுக்கு வைக்கிற ரவுட்டர் பெட்டி பழசானால் தூக்கிப் போடுகிறார்கள் அல்லவா, அதில் பதினாலைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் வைத்து, ஒயர் போகிற ஓட்டையை எம்-சீல் பசை வைத்து அடைத்து, பழைய கேபிள் கம்பங்களில் கட்டினார். பெட்டிகள் ஒன்றோடொன்று காற்றிலேயே பேசிக்கொள்ளும். வெளி உலகத்து இன்டர்நெட்டோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூன்று சந்துக்குள் நிற்கும்வரை போனில் ஒரு பக்கம் திறக்கும். அதில் யாரும் பேர் போடாமல் எழுதலாம், எழுதினதை எல்லோரும் படிக்கலாம். சந்து முனையைத் தாண்டினால் போனில் ஒரு தடயமும் இருக்காது. உள்ளே ஓடுகிற மூளை வேலையைச் செய்தது மூன்றாம் நம்பர் வீட்டு சாய்சரண். நாற்பது வயது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனிக்கு உழைக்கிறவர், மனிதர்களைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சப்படுவார்.

இவ்வளவு மெனக்கெட்டது கடைப் பெண்களுக்காக. ரயில்வே பாலத்தைத் தாண்டினால் தி. நகர். அங்கே ஒரு ஆறு மாடி ஜவுளிக்கடை. பேர் சொல்லவேண்டாம், சொன்னால் விளம்பரமாகப் போய்விடும். அதில் வேலை பார்க்கும் பெண்களில் பாதிப்பேர் தென்மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய ஹாஸ்டல் இரண்டாவது சந்தின் கடைசியில் இருந்தது. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதரைவரை நின்றபடியே வேலை. உட்கார நாற்காலி போடவேண்டும் என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது. நாற்காலியும் வந்தது. அதன் மேல் புடவைக்கட்டு உட்கார்ந்திருக்கிறது. கடைக்குள் நுழையும்போது போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள், ஹாஸ்டலில் வார்டன் போனைத் திறந்து பார்ப்பாள். போன வருஷம் வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்து "பாத்ரூம் போக டோக்கன் எதுக்கு" என்று எழுதின ஆறு பேரை ஒரே நாளில் ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். பாயின் மகள் ஜுவேரியா அதே கடையில் பில்லிங்கில் இருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் சொல்லி அழுததுதான் பலகைக்கு அஸ்திவாரம்.

சேருவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஏற்கெனவே உள்ள இரண்டு பேர் புதுப்பெண்ணை நடுவில் நிறுத்தி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, பாய் வீட்டு வாசலில் வந்து நிற்கவேண்டும். "இவ நம்ம பொண்ணு" என்று இரண்டு பேரும் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு மூன்று போனிலும் ஒரே எண்ணைத் தட்டினால் புதுப்பெண்ணின் போனில் பலகை திறக்கும். பாய் பேர் கேட்கமாட்டார், எழுதி வைக்கவும் மாட்டார். அவர் மனைவி கமர் ஜஹான் மூன்று பேருக்கும் இஞ்சி டீ கொடுப்பாள். அவளுக்குப் பேர் முக்கியமில்லை, சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதுதான் முக்கியம். இன்னொரு விதி, யார் எழுதினது என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஸ்நேஹா என்று ஒரு பெண் இப்படித்தான் சேர்ந்தாள். சங்கரன்கோவில் பக்கம், இருபது வயது. ஒரு கையைப் பிடித்திருந்தவள் முனை வீட்டு நீரஜா, ஆட்டோ ஓட்டும் கபாலியின் மனைவி, அவளுக்கும் அதே கடையில்தான் வேலை. இன்னொரு கை ஜுவேரியாவுடையது. நாலு ஸ்பூன் சர்க்கரை கேட்ட பெண் என்று கமர் ஜஹானுக்கு அவளை நன்றாக ஞாபகம். அன்று ராத்திரியே பலகையில் ஒரு வரி வந்தது: ரயில்வே பாலத்துக் கூட்டத்தில் என் இடது கால் செருப்பு போய்விட்டது, நீலக் கலர், கிடைத்தவர்கள் சொல்லவும். மூன்று சந்தும் சிரித்தது. கேட்கக்கூடாது என்று விதி இருந்தாலும், மறுநாள் ஒற்றைச் செருப்போடு நடந்து போனவள் யார் என்று எல்லோருக்கும் கண் இருந்தது.

அந்த ஸ்நேஹாதான் தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது செத்துப்போனாள். அவளுக்குக் காய்ச்சல் என்று ஹாஸ்டலில் யாரிடமும் சொல்லவில்லை, யாரோ ஒரு பையன் விவகாரத்தில் மனசு உடைந்து பட்டினி கிடந்தாள், அதில் உயிர் போய்விட்டது. கடை சொன்ன கதை இது. ஊரிலிருந்து பதறிக்கொண்டு வந்த தாயிடமும் இதையேதான் சொன்னார்கள். வண்டி வைத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, உடம்பை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தப் பெட்டிக்கு மாலை போடும் பெருந்தன்மை கடைக்கு இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பலகையில் பதினோரு வரி வந்தது. ஸ்நேஹாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். மூன்று தடவை லீவு கேட்டாள், சீசன் முடியட்டும் என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டேகாலுக்கு நாலாவது மாடியில், வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தாள். கூட்டம் பார்க்கக்கூடாது என்று குடோனுக்குத் தூக்கிப் போய்ப் புடவைக்கட்டுகளுக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஐந்து மணிக்குத்தான் ஆட்டோ வந்தது. எந்தப் பையனும் கிடையாது. அவ்வளவுதான். பலகையில் அதற்குக் கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை. அன்று சந்தில் ஹாஸ்டல் பெண்கள் நடந்து போனபோது செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது என்று பிற்பாடு கமர் ஜஹான் சொன்னாள்.

அந்தப் பதினோரு வரியை யாரோ இன்னொரு போனால் படம் எடுத்துக் கடை ஆபீஸில் கொடுத்துவிட்டார்கள். பயந்து கொடுத்தார்களா, பிடித்துக் கேட்டதால் கொடுத்தார்களா தெரியாது. கேட்கக்கூடாது என்ற விதி அந்தப் புண்ணியவதிக்கும் பொருந்துகிறதே. ஆனால் படத்தில் எழுத்துக்குக் கீழே பொடியாக இரண்டு வார்த்தை இருந்தது. கபாலி மாடி.

அது பாய் செய்த வேலை. மழைக்காலத்தில் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். எது செத்தது என்று பார்க்கப் பதினாலு மாடி ஏற அவருடைய முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் எழுத்து எந்தப் பெட்டி வழியாக வருகிறதோ அதன் பேர் அடியில் தெரியும்படி செய்யச் சொல்லி சாய்சரணைக் கேட்டார். அய்யர் மாடி, தண்ணி டேங்க், இஸ்திரிக் கடை, கபாலி மாடி. காலையில் பலகையைப் பார்த்து எந்தப் பேர் வரவில்லையோ அந்த மாடிக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போவார். ஒயர்மேன் புத்திக்கு அது சரிதான். கேபிள் காலத்திலிருந்தே அவர் அப்படித்தான், ஒவ்வொரு ஒயர் முனையிலும் வீட்டுக்காரர் பேரைச் சீட்டில் எழுதிக் கட்டிவிடுவார். ஆள் பேரைச் சொல்லாத பலகையில் வீட்டின் பேர் வருகிறதே என்று அந்த நல்ல மனுஷருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கபாலி வீட்டுப் பெட்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது, கீழே நிற்கிற போனுக்கு அந்த வீட்டைத் தாண்டி எட்டாது. அந்த வீட்டில் கடைக்குப் போகிற ஆள் நீரஜா ஒருத்திதான்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். ஸ்நேஹாவைப் பற்றி நான் எழுதினது பொய், கடைமேல் உள்ள பகையால் எழுதினேன், மன்னிக்கவும். கையெழுத்துப் போட்டால் வேலை போவதோடு சரி. போடாவிட்டால் போலீஸ், அத்தோடு அந்தத் தெருவில் எந்தக் கடையிலும் காலெடுத்து வைக்கமுடியாது. அல்லது எழுதினது யார் என்று சொல்லலாம். வெள்ளிக்கிழமை நாலு மணிவரை நேரம் கொடுத்தார்கள், அதுவரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

புதன்கிழமை காலையில் கபாலி பாய் வீட்டுக்கு வந்தான். காக்கிச் சட்டையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருந்தான். கமர் ஜஹான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஜுவேரியா கடைக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு அவன் உட்காரவில்லை.

"பாய், உன்னாண்ட நான் இன்னா கேட்டேன்? மாடியில பொட்டி வெச்சிக்கறேன்னு வந்த. வெச்சிக்கோன்னேன். கரண்டு குட்த்தேன். என் பேர இன்னாத்துக்கு அதுல போட்ட?"

பாய் மழையைப் பற்றியும் முட்டியைப் பற்றியும் ஏதோ சொல்லத் தொடங்கினார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவருக்கே கேட்டது.

"நீ உன் முட்டியப் பாத்துக்கினே, என் பொண்டாட்டி கைய்த்துல சுருக்கு வுழுந்துச்சு," என்றான் கபாலி. "நேத்துலேர்ந்து அவ ஒரு வாய் துன்னல. நீ எய்தினியான்னா இல்லன்றா. யாரு எய்தினதுன்னா வாயத் தொறக்கல. அவளுக்குத் தெரியும் பாய். தெரிஞ்சிக்கினே கம்முனு கீறா. நீ சொல்லு. பொட்டிய வெச்சவன் நீ, உனுக்குத் தெரியாம போவாது."

தெரியாது என்றார் பாய். அல்லா மேல் ஆணையாகத் தெரியாது, தெரியக்கூடாது என்றுதான் அப்படிக் கட்டினது. கபாலி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான். முப்பது வருஷம் பழகினவர்கள். கபாலியின் கல்யாணத்துக்கு சீரியல் பல்பு போட்டதே பாய்தான்.

"நாலு மணி வெள்ளிக்கியம," என்று சொல்லிவிட்டு அவன் திரும்பத் தண்ணீரில் இறங்கினான்.

அவன் போனபிறகு ஜுவேரியா பாதி பின்னின தலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் வாசலுக்கு வெளியே மெட்ராஸ் தமிழ், உள்ளே உருது. உருதுவில் அவள் மெதுவாகச் சொன்னாள், எழுதினது நான். வீட்டிலிருந்து எழுதினால் அப்பாவுக்கு ஆபத்து என்று நீரஜா அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதினேன். பேர் வரும் என்று தெரியும், ஆனால் மாடிப் பேர்தானே என்று தோன்றிவிட்டது, அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நானே ஆபீஸில் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

வலியுல்லா பாய் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். அவர் மகளை அடித்தது கிடையாது. அன்றும் அடிக்கவில்லை. ஆனால் அவள் கடைசியாகச் சொன்னதுதான் அவரைப் பயமுறுத்தியது. கடைக்காரன் வேலையை விட்டு எடுப்பதோடு நிறுத்துவானா? பாய் ஒருவன் மாம்பலத்தில் ரகசியமாக நெட்வொர்க் நடத்துகிறான், வெளியே யாரும் பார்க்கமுடியாது, பேர் கிடையாது, பதினாலு பெட்டி. இதை ஒருவன் டிவியில் எப்படிச் சொல்லுவான் என்று முப்பது வருஷம் டிவி ஒயர் இழுத்தவருக்குத் தெரியாதா? கபாலி வீட்டுக்கு வந்தது வேலை நஷ்டம். தனக்கு வந்தால் அது வேறு என்ன பேரில் வரும் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நீ வாயைத் திறக்கக்கூடாது என்றார். நீரஜா என்ன ஆவாள் என்று ஜுவேரியா கேட்டாள். வாயைத் திறக்கக்கூடாது என்று இன்னொரு தடவை சொன்னார்.

கமர் ஜஹான் மாவைப் பிசைந்தபடியே இருந்தாள். ரொட்டி அன்று தோல் மாதிரி வந்தது. யாரும் சாப்பிடாததால் குறை சொல்லவும் ஆளில்லை.

வியாழக்கிழமை காலையில் கடை ஆட்கள் இரண்டு பேர் குடையோடு சந்துக்குள் வந்து மாடிகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன கையோடு பாய் மூன்றாம் நம்பர் வீட்டுக்குப் போனார். சாய்சரண் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தார். பாய் முகத்தைப் பார்த்ததும் கழற்றிவிட்டார். பலகையில் உள்ளதையெல்லாம் துடைத்துவிடவேண்டும் என்றார் பாய், முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும்.

"பாய், அழிச்சேள்னா திரும்பி வராது," என்றார் சாய்சரண். "காப்பி எங்கேயும் வெச்சுக்கப்படாதுன்னு நாமதானே முடிவு பண்ணினோம். அந்தப் பொண்ணைப் பத்தி உலகத்துல நிஜத்தைச் சொல்றது அந்தப் பதினோரு வரி ஒண்ணுதான். அவா கையில இருக்கிற படம் அவாளுக்கு உதவுமே தவிர, நமக்கு உதவாது. ஒரு நாள் யோசிச்சுக்கோங்கோ."

"யோசிச்சிட்டேன் அய்யரே. அழி."

"யாருக்காக அழிக்கறேள்?"

எல்லாருக்காகவும்தான் என்றார் பாய். எண்பது வீடு, நூற்றைம்பது பெண்கள், எல்லார் எழுத்தும் அதில் இருக்கிறது, நாளைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாரும் மாட்டுவார்கள். நியாயமான காரணம்தான். அதைச் சொல்லும்போது அவர் சாய்சரண் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலில் உலர்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்தபடி சொன்னார். சாய்சரண் பட்டனைத் தட்டினார். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பாத்ரூம் டோக்கன், வார்டனின் வசவு, யாரோ ஒருத்தி எழுதின சாம்பார் செய்முறை, நீலக் கலர் இடது செருப்பு, பதினோரு வரி, எல்லாம் போய்விட்டது. பாய் கையோடு ஏணியை எடுத்துப் போய் கபாலி மாடிப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு வந்தார். நீரஜா கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவர் இறங்கும்போது ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஏணி விஷயம்தான் அவரை அறுத்தது. மறுநாள் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்தும் மனசு அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி இருக்கும். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது, தேங்கின தண்ணீர் நாற ஆரம்பித்திருந்தது. வாசலில் நிழல் தட்டியது. நீரஜா நின்றாள். அவள் பக்கத்தில் நாற்பது வயதுக்கு மேல் ஒரு அம்மாள், கறுத்து ஒல்லியாக, மெல்லிய வாயல் துணிப் புடவைதான், புதுசாக இருந்தது. கையில் மஞ்சள் பை. இரண்டடி பின்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு ஆள், ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. கடை ஆபீஸில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற கிரீஷ்.

நீரஜாதான் விவரம் சொன்னாள். இது ஸ்நேஹாவின் அம்மா. மகளுடைய பெட்டியை ஹாஸ்டலில் வாங்கிப்போக வந்தவர்கள். சாயங்கால ரயிலில் ஏற்றிவிடக் கடை இந்த ஆளைக் கூடவே அனுப்பியிருக்கிறது. பெட்டி எடுக்கும்போது ஹாஸ்டலில் எந்தப் பெண்ணோ அந்த அம்மாள் காதில் சொல்லிவிட்டாள், உங்க பொண்ணப் பத்தி எழுதியிருக்கு, பாய் வீட்டுச் சந்துக்குள் நின்றால்தான் தெரியும் என்று. ரயிலுக்குக் கிளம்பமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கிரீஷ் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறான். சந்து முனையில் வழி கேட்டவர்களை நீரஜா கூட்டி வந்திருந்தாள்.

"எங்கிட்ட வேற மாதிரில்லா சொன்னாவ," என்றாள் அந்த அம்மாள். குரல் எழும்பவில்லை. "பையன் கூட சகவாசம்னாவ. பட்டினி கெடந்தான்னாவ. ஊர்ல ஒரு சனம் துக்கம் கேக்க வரல. அவ தங்கச்சியப் பொண்ணு பாக்க வாரோம்னு சொன்னவுக வரல. என் புள்ள பசி தாங்கமாட்டா ஐயா. ரெண்டு நேரம் சேந்தாப்புல சாப்பிடாம இருக்கமாட்டா. என்ன எழுதியிருக்குன்னு எனக்குக் காட்டுங்க. அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன், கூட்டி வாசிச்சிருவேன்."

பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். பட்டன் போன். அதில் பலகை திறக்காது என்று அவளுக்குத் தெரியாது.

நீரஜா அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "பாய், சேக்கணும்னா ரெண்டு பேர் சொல்லணும். நான் ஒரு ஆளு. இவங்க நம்ம பொண்ணு." நாற்பது வயதுக்காரியைப் பார்த்து அப்படிச் சொன்னது யாருக்கும் சிரிப்பாக இல்லை. இன்னொரு கைக்கு ஆள் வேண்டும். கிரீஷ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு போனைக் கையில் எடுத்துக்கொண்டான், இன்னொரு ஆள் யார் என்று பார்க்கத்தான்.

உள்ளேயிருந்து ஜுவேரியா வந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகாமல் இருந்தவள். பாய் உருதுவில் உள்ளே போ என்றார். அவள் வந்து வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

வலியுல்லா பாயை நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லம்மா," என்றார். "அது இப்ப இல்ல. நேத்து அழிச்சிட்டேன். நான்தான் அழிச்சேன்."

அழித்தது என்றால் என்ன என்று அந்த அம்மாளுக்குப் பிடிபடவில்லை. எழுதின ஆள் மறுபடி எழுதமாட்டாரா என்று கேட்டாள். நீரஜா பாயைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நாலு மணிக்குக் கையெழுத்துப் போடவேண்டியவள் அவள். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு அவள் எதைக் காத்தாளோ அதை இவர் ஒரு பட்டனில் துடைத்திருக்கிறார்.

"கெளம்பலாம்மா. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல. சும்மா யாரோ கிளப்பிவிட்ட புரளி," என்றான் கிரீஷ். அவனும் அந்தப் பெட்டியைத் தேங்கின தண்ணீரில் சுமந்து வந்திருந்தான், வியர்த்துக் கொட்டியது. அவனுக்கும் ஒரு சம்பளம், ஒரு மேலாளர்.

"புரளி இல்ல," என்றாள் ஜுவேரியா.

பாய் அவள் தோளைப் பிடித்தார். அவள் நகரவில்லை. அவளைப் பிடித்திருந்தது அப்பாவின் கை, அவள் பிடித்திருந்தது அந்த அம்மாளின் கை.

"நாலு நாளா காய்ச்சல் அவளுக்கு. மூணு வாட்டி லீவு கேட்டா, குடுக்கல. ஞாயித்துக்கிழம பன்னண்டேகாலுக்கு வுழுந்தா." பதினோரு வரியும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. ஒன்று விடாமல் சொன்னாள். ஆட்டோ ஐந்து மணிக்கு வந்ததுவரை சொல்லிவிட்டு நிறுத்தினாள். பலகையில் அதோடு முடிந்திருந்தது. வாசலில் இஸ்திரிக் கடைக்காரரும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றுவிட்டார்கள். சவாரி முடித்து வந்த கபாலி ஆட்டோவை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கிரீஷ் யாருக்கோ போன் போட்டுக் காதில் வைத்திருந்தான், ஆனால் பேசவில்லை.

"இன்னும் ஒண்ணு கீதும்மா. அத நான் எழுதல," என்றாள் ஜுவேரியா. "ரெண்டு மணிக்கு பில் போடற பேப்பர் தீந்துபோச்சு. எடுக்க குடோனுக்குப் போனேன். கட்டுக்குப் பின்னாடி படுத்திருந்தா. முழிச்சிட்டுத்தான் இருந்தா. அக்கா, அம்மாகிட்ட பேசணும்னா. போன் லாக்கர்ல இருக்கேடின்னேன். என் கவுண்டர்ல முப்பது பேர் நிக்கறாங்க, சூப்பர்வைசர் கத்தறாரு. சாயங்காலம் பேசலாம்டின்னு சொல்லிட்டு வந்துட்டேன். பேப்பர் ரோல எடுத்துக்கிட்டு வந்துட்டேன். யாரையும் கூப்பிடல. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல."

அந்தச் சந்தில் அந்த நேரத்தில் சத்தம் போட்டது ரயில் ஒன்றுதான். தாம்பரம் பக்கம் போகிற வண்டி, பாலத்துக்கு அடியில் போய் அடங்கினது. பாய் தன்னையறியாமல் மகளின் தோளிலிருந்து கையை எடுத்திருந்தார். இப்படி ஒன்றை இத்தனை நாளாக வயிற்றில் வைத்துக்கொண்டா இவள் என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தார். அதையும் சேர்த்து மூடிவைக்கச் சொன்னவர் அவர்தான்.

அந்த அம்மாள் அழவில்லை. ஜுவேரியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "தண்ணி ஏதும் குடிச்சாளா?"

"குடிச்சா. என் பாட்டில்ல இருந்தத குடுத்தேன். ரெண்டு மடக்கு."

"குடிச்சாளா," என்றாள் மறுபடியும். அது கேள்வியாக இல்லை. பிடித்திருந்த கையை அவள் விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

கிரீஷ் காதிலிருந்து போனை எடுத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்றான். எழும்பூர் போகவேண்டும், டிராபிக் இருக்கும்.

"நீங்க போங்க தம்பி. பெட்டிய அங்கன வச்சிட்டுப் போங்க," என்றாள் அந்த அம்மாள். பிறகு கமர் ஜஹான் கொண்டுவந்து போட்ட கோரைப்பாயில் உட்கார்ந்து, இரண்டு பெண்களையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "இன்னொருக்கா சொல்லு தாயி. ஊர்ல போய் நான் இத அப்படியே சொல்லணும். விடாம, மொதல்ல இருந்து சொல்லு. யாரு சொன்னான்னு கேப்பாக, அதையும் சேத்துச் சொல்லு."

ஜுவேரியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வலியுல்லா பாய் ஒதுங்கி, வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி இரண்டாவது கதவையும் திறந்து வைத்தார்.

"என் பேரு ஜுவேரியா," என்று அவள் ஆரம்பித்தாள். "நாலாவது மாடி, பில்லிங்."